சின்னப்பாளையத்துக்கு ரயில் வந்த விதம்

தான் ரயில்வேயைச் சேர்ந்தவள் என்று விக்டோரியா யாரிடமும், எந்த இடத்திலும் சொல்லவில்லை. பிற்பாடு சின்னப்பாளையத்தில் இதைப் பற்றிப் பலவிதமான பேச்சுகள் எழுந்ததால், இதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது முறை. அவள் சொன்னவை அனைத்தும் உண்மை. கேட்கப்படாத கேள்விகளுக்கு விடை சொல்லும் கடமை மட்டும் தனக்கு இல்லை என்று அவள் கருதினாள்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு டிபன் பாக்ஸ்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் விக்டோரியா தரப் பரிசோதகராக இருந்தாள். அவள் அளந்து, சரி என்று முத்திரை குத்தாத பெட்டி எதுவும் அந்தக் கம்பெனியின் வாசலைத் தாண்டியதில்லை. வீட்டில் நிலைமை வேறு. குழம்பில் உப்பு போதுமா என்றுகூட அவளை யாரும் கேட்பதில்லை. ஆகவே அவளுக்கு வேலை பிடித்திருந்தது. லூர்து காலனியிலிருந்து கம்பெனிக்கு நாள்தோறும் சைக்கிளில் போய்வந்தாள். அருகில் குடியிருப்பவர்களுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. ‘அருகில்’ என்பதை முடிவு செய்த அதிகாரி அந்த நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டியவராக இருந்திருக்க முடியாது.

ஒரு காலையில், இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் லாரி ஒன்று அவளை உரசுவதுபோல் கடந்தது. சைக்கிள் மண்ணில் இறங்கித் துள்ளியது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கேரியரிலிருந்து எகிறிச் சாலையில் விழுந்த டிபன் பாக்ஸின் மீதுதான் லாரியின் சக்கரங்கள் வரிசையாக ஏறிச் சென்றன.

அவளுடைய கணவன் சாம்சன் அந்த டிபன் பாக்ஸைத் தேடி எடுத்து வந்து, குளிர்சாதனப் பெட்டியின் மேல், திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். தோசையின் கனம்தான் இருந்தது அது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டினான்.

“இது இன்னான்னு தெரியுதா?”

“எலுமிச்ச சாதம், நைனா” என்று ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு முன்னால் விடை சொன்னாள், பள்ளியில் படிக்கும் மகள் ஷைனி.

சாம்சன் கெட்டவன் அல்லன். பயந்தவன். வார்ப்பு ஆலை ஒன்றில் அவனுக்கு மாறி மாறி ஷிப்ட். வீட்டிலிருந்த ஒரே பைக் அவனோடு போய்விடும். விக்டோரியா வேலையை விட்டுவிட வேண்டும் என்றான். அவள் மாட்டேன் என்றாள். மூன்றாம் நாள் சாப்பாட்டின்போது அவள் ஒரு மாற்று வழியைச் சொன்னாள்.

“ரோட்டு மேல போனாதான உனக்கு பயம்? நான் மில் லைன்ல போறேன்.”

சாம்சன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். மில் லைன் என்பது, எப்போதோ மூடப்பட்ட இரும்பு ஆலை ஒன்றுக்காகப் பிரதான ரயில் பாதையிலிருந்து பிரித்துப் போடப்பட்ட கிளைப் பாதை. ஆலை போனது; ரயில் போனது; தண்டவாளங்களையும் ஒப்பந்தக்காரர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். எஞ்சியது, வயல்களுக்கு நடுவே உயர்ந்து ஓடிய கரையும் அதன்மேல் காடாக வளர்ந்த வேலிகாத்தான் முள்ளும்தான். ஆனால் அந்தக் கரை காலனியின் பின்புறம் தொடங்கித் தொழிற்பேட்டையின் பின்வாசல் வரை சென்றது. அதில் லாரி வராது.

“அந்த லைன்ல பாம்பே வழி கேட்டுக்கினுதான் போவும்” என்றான் சாம்சன். “ஓடைமேல பாலத்துல கட்டையே இல்ல. சின்னப்பாளையத்துல ராஜமாணிக்கம் வேலி போட்டு மடக்கி வச்சிக்கினு கீறாரு. நீ பறந்தா போவ?”

“வழி இருந்தா?”

“சரி. ஞாயித்துக்கெழம கோயிலு முடிச்சிட்டு நானே உன் பின்னால சைக்கிள்ல வர்றேன். இங்கேர்ந்து உங்க கம்பெனி பின்கேட்டு வரைக்கும் காலக் கீழ வைக்காம போ. போய்ட்டியா, வேலைக்குப் போ. நான் வாயத் தொறக்க மாட்டேன். ஒரு எடத்துல காலு கீழ பட்டுதோ, அன்னியோட வேலைய உட்டுடணும்.”

“ஷைனி கேட்டுக்கினு கீறா. மாத்திப் பேசக் கூடாது.”

“பேச மாட்டேன்” என்றான் சாம்சன், தோற்க வாய்ப்பில்லாதவனின் பெருந்தன்மையோடு.

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்ததும், உடன் வேலை செய்யும் ஈஸ்வரியை அழைத்துக்கொண்டு விக்டோரியா பின்வாசல் வழியாகப் புறப்பட்டாள். ஈஸ்வரி வயதில் இளையவள். லூர்து காலனிக்கு அடுத்த தெருவில் இருந்தவள். வம்பு எங்கே நடந்தாலும் அங்கே சைக்கிளோடு வந்து நிற்பவள். முள் முகத்தில் கிழிக்கும் என்பதால் இருவரும் கம்பெனியின் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கையைக் கிழிக்கும் என்பதால் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டையும் கழற்றவில்லை. இதில் சூது எதுவும் கிடையாது.

கரை எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. ஜல்லி மண்ணில் புதைந்து இறுகிப்போயிருந்தது. ஆடு மேய்ப்பவர்கள் முள்ளை ஒதுக்கி ஒற்றையடிப் பாதை ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் சாய்ந்துபோன சிக்னல் கம்பம் ஒன்று நின்றது. அதன் கையில் யாரோ கொசுவலை காயப்போட்டிருந்தார்கள்.

“அக்கா, சிவப்பு வலை. நின்னுதான் போவணும்” என்றாள் ஈஸ்வரி.

“காலக் கீழ வைக்காம ஓட்டிப் பழகு. பேசாத.”

சின்னப்பாளையத்தை நெருங்கியபோது அந்த வேலி எதிர்ப்பட்டது. கரையின் குறுக்கே கல் கால்களை நட்டு, முள்கம்பி இழுத்து, அதற்குமேல் பனை மட்டையும் கட்டியிருந்தது. உள்ளே வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, காயவைத்த மிளகாய். வேலியின் நடுவில் ஆடு நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. அதில் சைக்கிள் கைப்பிடி நுழையுமா என்று ஈஸ்வரி கேட்டாள். கண்ணால் பார்த்துச் சொல்வது விக்டோரியாவின் தொழில் தர்மத்துக்கு விரோதமானது. பையிலிருந்த அளவு டேப்பை எடுத்தாள். ஒரு முனையை ஈஸ்வரி பிடித்தாள்.

“ஏய், யார்ரா அது வேலியாண்ட...” என்று உள்ளிருந்து ஒரு குரல் அதட்டியது. குரலுக்கு உரியவர் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்தார். இரண்டு ஹெல்மெட்டுகளையும் அவற்றுக்கு நடுவே விறைத்து நின்ற டேப்பையும் பார்த்தார். தொடங்கிய வாக்கியத்தை வேறு விதமாக முடித்தார். “...வெயில்ல நிக்கிறீங்களே, மேடம்.”

அவர்தான் ராஜமாணிக்கம். கரையின் இருபுறமும் இருந்த நெல் வயல்கள் அவருடையவை. நடுவில் இருந்த கரையும் நாளடைவில் அவருடையதாகியிருந்தது. சாம்சனின் தாய் அந்த வயல்களில் பல ஆண்டுகள் களை பறித்தவள். விக்டோரியா அவரைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அவர் அவளைப் பார்த்ததில்லை. களை பறித்தவர்களின் மருமகள்களைப் பார்த்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. எந்த ஊர் என்றும் அவர் கேட்கவில்லை. ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு ஊர் இருக்கும் என்பது அவருக்குத் தோன்றியிருக்காது.

“சர்வேங்களா, மேடம்?”

“அளந்துக்கினு கீறோம், ஐயா.”

“லைனு திரும்பவும் வருதா?”

விக்டோரியா சற்றுத் தயங்கினாள். ஈஸ்வரியின் வாய்மை இன்னும் தாராளமானது. “லைன்ல வழி உடணும், ஐயா. அதுக்குத்தான் இவ்ளோ பாடு” என்றாள்.

ராஜமாணிக்கம் தலையாட்டினார். அவர் கண்கள் வேலியின் நீளத்தை ஒரு முறை அளந்துவந்தன. “எப்போ ஆரம்பிக்கிறாங்க?”

“எனக்கு மேல ஒருத்தர் கீறாரு, ஐயா” என்றாள் விக்டோரியா. வீட்டில் இதைக் கேட்டிருந்தால் சாம்சன் மகிழ்ந்திருப்பான். “ஞாயித்துக்கெழம அவரே வந்து பாக்குறாரு. அவரு சரின்னு சொன்னாதான் மேற்கொண்டு எதுவும்.”

“கண்டிப்பானவரா?”

“ஊட்லகூட அப்படித்தானாம்” என்றாள் ஈஸ்வரி.

விக்டோரியாவுக்கு இருமல் வந்தது. ராஜமாணிக்கம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

அன்று மாலை காலனிக்குத் திரும்பும்போது இருவரும் சிரித்த சிரிப்பில் சைக்கிள்கள் கோணலாகப் போயின. கணக்கு எளிதானது. ரயில் வரும் என்றால் வேலி போகும். வேலி போனால் வழி வரும். ரயில் வராமல் போனதற்காக யாரும் யார்மீதும் வழக்குப் போட முடியாது. அது இத்தனை ஆண்டுகளாக வராமல்தான் இருக்கிறது.

அவர்கள் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டார்கள். மாவட்டம் முழுவதும் சாலைகளுக்கும் ஆலைகளுக்கும் நிலம் எடுக்கப்பட்டு, எடுப்பவர்களைவிடக் கொடுப்பவர்கள் விவரமானவர்கள் ஆகியிருந்தார்கள். அளவு டேப்பைக் கண்டால் இந்தப் பக்கத்து மக்கள் வேலியைப் பிரிப்பதில்லை, மரம் நடுவார்கள். ராஜமாணிக்கத்தின் மைத்துனர் ஒருவர் ஆர்.கே.பேட்டையில் இருந்தார். அங்கே சாலை வந்தபோது அவர் ஒரே இரவில் மாந்தோப்பு வைத்துவிட்டு, கன்றுக்கு இவ்வளவு என்று இழப்பீடு வாங்கியவர். ராஜமாணிக்கம் அவருக்குப் போன் செய்தார். பிறகு, நிச்சயப்படுத்திக்கொள்ள, சென்னையில் படித்த தங்கை மகனுக்கும் போன் செய்தார். அவன் இணையத்தில் தேடிவிட்டு, “பேச்சு இருக்கு, மாமா” என்றான். எந்த ரயில் பாதையைப் பற்றியும் பேச்சு இருக்கத்தான் செய்கிறது.

சனிக்கிழமை பிற்பகல் விக்டோரியாவும் ஈஸ்வரியும் வழி திறந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு வந்து பார்த்தபோது, வேலி அப்படியே இருந்தது. அதோடு, கரையின் நட்டநடுவே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தென்னங்கன்றுகள் வரிசையாக நின்றன. மோட்டார் அறைக்கு அடித்தளம் போட்டிருந்தது. மோட்டார் வைக்கக் கிணறுதான் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் தம் பங்குக்கு முழங்கால் உயரத்தில் செங்கல் சுவர் ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தார். அது எதற்கான சுவர் என்று அவருக்கே தெரியவில்லை.

“வாங்க, மேடம், வாங்க” என்றார் ராஜமாணிக்கம். வேலியின் ஓரத்திலிருந்த கதவைத் திறந்து அவர்களை உள்ளே அழைத்தார். “எல்லாத்தையும் கண்ணால பாத்துக்கோங்க. முப்பது வருஷமா இந்தக் கரையில பயிர் பண்ணிக்கினு வர்றேன். ஊரே சாட்சி.”

சுவர் கட்டிக்கொண்டிருந்தவர், “முப்பதுக்கு மேலயே இருக்கும்” என்றார்.

“தென்ன எப்போ வச்சீங்க, ஐயா?” என்று ஈஸ்வரி பலவீனமான குரலில் கேட்டாள்.

“அது கெடக்குது ரொம்ப நாளா. இந்த மண்ணுக்கு உயரம் வராது.”

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. விக்டோரியா தென்னங்கன்றுகளுக்கு நடுவே சைக்கிளை ஓட்டிப் பார்ப்பதுபோல் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள். அப்படியே கன்றுகளைத் தாண்டினாலும், வேலிக்கு அப்பால் ஓடைப் பாலத்தில் இரண்டு இரும்பு உத்தரங்கள் மட்டுமே இருந்தன. குறுக்கே கிடந்த ஸ்லீப்பர் கட்டைகள் எப்போதோ போய்விட்டன. அவற்றில் சில இந்தக் கொட்டகையின் தூண்களாக நிற்பதை அவள் கண்டாள். திங்கட்கிழமை முதல் உப்பு போதுமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

ராஜமாணிக்கத்தின் மனைவி மணியம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இருவரும் குடித்துவிட்டுத் திரும்பி நடந்தார்கள்.

ராஜமாணிக்கம் அதுவரை அவர்களை முன்புறமிருந்தே பார்த்திருந்தார். மரியாதைக்குரியவர்களை அப்படிப் பார்ப்பதுதான் வழக்கம். மணியம்மாள் அவர்களைப் பின்னாலிருந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, காலி டம்ளர்களோடு வேலிக் கதவு வரை பின்தொடர்ந்து வந்தாள்.

“ஏம்மா, நில்லு. ரயில்வேல எப்போலேர்ந்து பிரேக் கம்பெனி ஜாக்கெட்டு குடுக்குறாங்க?”

இருவரும் நின்றார்கள்.

“முதுகுல எழுதிக் கீது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா எங்க தங்கச்சி பொண்ணு இதே ஜாக்கெட்டுதான் போட்டுக்கினு வேலைக்குப் போவுது. நான்தான் தோய்ச்சிக்கூடப் போட்டிருக்கேன்.”

விக்டோரியாவுக்கு மறைக்கத் தோன்றவில்லை. லாரியை, டிபன் பாக்ஸை, சாம்சன் போட்ட நிபந்தனையை, எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள். மணியம்மாள் குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும், தன் கணவர் நின்ற திசையை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

“அதோ தெரியுது பாரு மஞ்ச ஊடு, ஓடைக்கு அந்தாண்ட. அதுதான் எங்க தங்கச்சி ஊடு. கூப்ட்டா கேக்கும். அவ புருஷனுக்கும் இவருக்கும் ஒரு கல்யாணத்துல பந்தியில பேச்சு வந்துடுச்சி. யாரு மொதல்ல உக்காந்ததுன்னு. அன்னிக்குப் போட்ட வேலி இது. அவள பாக்கணும்னா நான் கும்மிடிப்பூண்டி போய் பஸ்ஸு மாறிப் போவணும்.” குரல் சமநிலையிலேயே இருந்தது. “நீங்க மரத்தப் பத்திக் கேட்டீங்க. தப்பு. இவருக்குக் காசு வர்றதுன்னா பல்லு அத்தினியும் தெரியும். தர்றதுன்னு சொல்லிப் பாரு, ஊரு பேரே மறந்துடும்.”

“தர்றதுன்னா?”

“நெலம் ரயில்வேதுதான? அடுத்தவன் ஊட்ல இருந்தா வாடகை குடுக்கணும் இல்ல?” என்றாள் மணியம்மாள். “நான் ஒண்ணும் சொல்லல. மோர் டம்ளர் வாங்க வந்தேன்.”

விக்டோரியா ஹெல்மெட்டின் பட்டியைத் தாடைக்குக் கீழே இழுத்து இறுக்கிக்கொண்டு திரும்பிச் சென்றாள்.

“ஐயா, ஒரே ஒரு விஷயம். முப்பது வருஷம்னு சொன்னீங்க இல்ல?”

“முப்பது வருஷம் முழுசா.”

“ரயில்வே எடத்துல.”

“ரயில்வே எடத்துலதான்.”

“அப்போ அந்த முப்பது வருஷத்துக்கும் ரயில்வேக்கு வாடகை கட்டியிருப்பீங்க, இல்லீங்களா?”

கேள்வி இவ்வளவுதான். அதில் பொய்யோ மிரட்டலோ இல்லை. இருந்தும் சுவர் கட்டிக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மாடு கத்துவதாகச் சொல்லி நடந்தார். மாடு எதுவும் கத்தவில்லை.

“முப்பது வருஷமா பாத்துக்கினு வர்றேன்னு சொன்னேன், மேடம்” என்றார் ராஜமாணிக்கம். “பயிர் வைக்கல. பாத்தேன். ரோட்டுல போற வர்றவங்க பாக்குறது இல்லையா, அந்த மாதிரி.”

“கொட்டக?”

“போன வாரம் மழைக்கு மாட்ட ஒதுக்குனது.”

“மழ பெய்யலயே, ஐயா” என்றாள் ஈஸ்வரி.

“பெய்யும்னு சொன்னாங்க.”

“தென்ன?”

ராஜமாணிக்கம் வரிசையாக நின்ற கன்றுகளைப் புதிதாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். “அது தானா மொளச்சிருக்குது, மேடம். தேங்கா உருண்டு வந்துருக்கும்.”

“சரிங்க, ஐயா. நாளைக்கு அவரு வந்து பாத்துக்குவாரு” என்றாள் விக்டோரியா. அவள் கையில் டேப் இன்னும் இருந்தது. அதை ஒரு முறை நீளமாக இழுத்து, விட்டாள். அது சுருண்டு உள்ளே போன ஓசை அவருக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் கோயிலிலிருந்தே புறப்பட்டார்கள். விக்டோரியா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு முன்னால் போனாள். சாம்சன் பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பின்னால் வந்தான். தேய்த்த பேன்ட், உள்ளே செருகிய வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ. கறுப்புத் தோல் உறையில் ஜிப் போட்டு மூடிய பைபிளைக் கேரியரில் வைத்திருந்தான். அவனுடைய பார்வை முழுவதும் விக்டோரியாவின் கால்களிலேயே இருந்தது.

“பாலம் வருது” என்றான், சற்றே மகிழ்ச்சியோடு.

பாலம் வந்தது. இரும்பு உத்தரங்களின் குறுக்கே ஸ்லீப்பர் கட்டைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. ஒரு கட்டையில் மாடு கட்டும் வளையம் இருந்தது. ஒரு கட்டையில் மஞ்சள் பூசிக் கோலம் போட்டிருந்தது. நேற்றுவரை யார் வீட்டு வாசற்படியாகவோ இருந்தது அது. ஊர் முழுவதும் தன்னிடம் இருந்த ரயில்வே சொத்தை இரவோடு இரவாக ரயில்வேயிடமே திருப்பி ஒப்படைத்திருந்தது. கட்டைகள் கடகடவென்று ஒலிக்க விக்டோரியா கடந்து போனாள்.

“இது எப்போ போட்டாங்க?” என்றான் சாம்சன்.

சின்னப்பாளையத்தில் வேலி இல்லை. கல் கால்கள் பிடுங்கப்பட்ட குழிகளை மண் போட்டு மிதித்திருந்தார்கள். கொட்டகை இல்லை, தென்னை இல்லை, செங்கல் சுவர் இல்லை, மோட்டார் அறையின் அடித்தளம் இருந்த இடத்தில் ஓர் ஈரத் திட்டு மட்டும் இருந்தது. புழுதி எழாதிருக்கக் கரை நெடுகத் தண்ணீர் தெளித்திருந்தது. எல்லாம் விக்டோரியா நினைத்ததைவிடச் சிறப்பாக இருந்தது, ஒன்றைத் தவிர. பாதையின் நடுவே, வெள்ளை வேட்டி சட்டையோடு, கையில் எலுமிச்சம்பழங்களோடு, ராஜமாணிக்கம் நின்றுகொண்டிருந்தார். அதிகாரிகளை வெறுங்கையோடு பார்ப்பது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை.

அவர் நகரும் எண்ணத்தில் இல்லை. பாதை ஒருவர் அகலம்தான்.

“எறங்கித்தான் ஆவணும்” என்றான் சாம்சன் பின்னாலிருந்து.

விக்டோரியா வேகத்தைக் குறைத்தாள். சைக்கிள் ஏறக்குறைய நின்றுவிட்டது. முன்சக்கரம் இடமும் வலமும் தள்ளாடியது. நாள் முழுவதும் முடியளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவளுக்கு விழாமல் நிற்கும் அளவும் தெரிந்திருந்தது. ஒரு கையை நீட்டினாள். ராஜமாணிக்கம் பழத்தைக் கொடுப்பதற்காக ஓரடி பக்கவாட்டில் வந்தார். அந்த ஓரடி போதுமானதாக இருந்தது. பழத்தை வாங்கிக்கொண்டு, “வர்றாரு பின்னால” என்று சொல்லியபடி அவள் கடந்துபோனாள். சற்றுத் தள்ளிச் சாய்ந்து நின்ற சிக்னல் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இறங்காமல், சைக்கிளின் மேலேயே உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள்.

சாம்சனுக்கு அந்த வித்தை தெரியாது. அவன் பிரேக் பிடித்தான். இரண்டு காலும் தரையில் பட்டன.

“வணக்கம், சார்” என்றார் ராஜமாணிக்கம்.

சாம்சன் தனக்குப் பின்னால் யாரோ வருவதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. ராஜமாணிக்கத்தின் கண்கள் அவனுடைய ஷூவிலிருந்து கேரியரில் இருந்த கறுப்பு உறைக்குப் போய், அங்கேயே நின்றன.

“எல்லாத்தையும் எடுத்துட்டோம், சார். நாங்க இங்க எப்பவுமே எதுவும் வச்சிக்கினது இல்ல. மேடத்தக் கேளுங்க.”

“மேடமா?” என்றான் சாம்சன்.

“நேத்து வந்து எல்லாத்தையும் விசாரிச்சாங்க. ரொம்ப நுணுக்கமா விசாரிக்கிறாங்க, சார்.”

“தெரியும்” என்றான் சாம்சன். அது அவன் வாயிலிருந்து தானாக வந்தது.

அவனுடைய தாய் இந்தக் கரையின் அடியில், வேலிக்கு வெளியே நின்று, உள்ளே பார்க்காமல் கூலி வாங்கிக்கொண்டு போவாள். அவள் இடுப்பில் இருந்து அவன் உள்ளே பார்த்திருக்கிறான். அன்றும் இதே வெள்ளை வேட்டிதான். வேட்டிக்கு உரியவர் இப்போது எலுமிச்சம்பழத்தை இரண்டு கைகளாலும் நீட்டிக்கொண்டிருந்தார். சாம்சன் பழத்தை வாங்கிக்கொண்டான். செருகிய சட்டையை இன்னும் சற்று உள்ளே செருகினான்.

“வழி சரியா கீதா, சார்? நீங்க சரின்னு சொன்னாதான் மேல நடக்கும்னு மேடம் சொன்னாங்க.”

சாம்சன் பாதையை முன்னும் பின்னும் பார்த்தான். ஓடையைப் பார்த்தான். சிக்னல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கோ பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தான். அவனுக்கு மெதுவாக விளங்கத் தொடங்கியது.

“சரியாதான் கீது” என்றான்.

ராஜமாணிக்கம் மூச்சு விட்டார்.

“ஆனா அந்தாண்ட முள்ளு நீட்டிக்கினு கீது. கண்ணுல குத்தும். அத வெட்டிடணும்.”

“இன்னிக்கே வெட்டிடுறேன், சார்.”

“டெய்லி பொம்பளைங்க போவாங்க. சைக்கிள்ல. யாரும் மடக்கக் கூடாது.”

“சைக்கிள்லயா, சார்?” ராஜமாணிக்கத்தின் முகத்தில் முதன்முறையாக ஓர் ஐயம் நிழலாடியது. “ரயிலு லைன்ல?”

சாம்சன் கறுப்பு உறையின் மீது கையை வைத்தான். பொய் சொல்ல முடியாத இடத்தில் அவன் கை இருந்தது.

“ரயிலு வர்ற வரைக்கும்” என்றான்.

ராஜமாணிக்கம் அதை ஏற்றுக்கொண்டார். சாம்சன் சைக்கிளில் ஏறி, சிக்னல் கம்பம் வரை வந்து நின்றான்.

“வழி சரியா கீதுன்னு யாரு சொன்னது?” என்று கேட்டாள் விக்டோரியா.

“நான்தான்.”

“காலு யாருது கீழ பட்டுச்சி?”

“என்னுதுதான்.” அவன் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தான். “நம்மள யாருன்னு நெனச்சிக்கினு கீறாரு அவரு?”

“அவரு கேக்கவே இல்ல, ஷைனி நைனா.”

“என்ன சார்னு கூப்ட்டாரு.”

“கேட்டுது.”

சாம்சன் திரும்பிப் பார்த்தான். ராஜமாணிக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அரிவாளோடு முட்புதரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

“முள்ள ஒழுங்கா வெட்றாரான்னு பாக்கணும்” என்றான். “ஒரு வாட்டி சொல்லிட்டு உட்டுட்டா செய்ய மாட்டாங்க. நீ இங்கயே இரு.”

அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். போகும்போது பைபிளைக் கேரியரிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டதை விக்டோரியா கவனித்தாள்.

எதிர்ப்புறத்திலிருந்து மணியம்மாள் வந்தாள். இடுப்பில் மூடிய பாத்திரம். கருவாட்டுக் குழம்பின் வாசனை அவளுக்கு முன்னால் வந்தது. மஞ்சள் வீட்டை நோக்கிக் கரைமேல் நேராக நடந்துகொண்டிருந்தவள், கம்பத்தின் அருகில் நின்றாள்.

“தெரிஞ்சிட்டா இன்னா செய்வாரும்மா?” என்று விக்டோரியா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“தெரிஞ்சா இன்னா? காலையிலேர்ந்து ஊரு பூரா ரயிலுக்கு எடம் உட்டது நான்தான்னு சொல்லிக்கினு வர்றாரு. ஸ்டேஷனுக்கு அவங்க அப்பா பேரு வைக்கச் சொல்லி மனு எழுதப் போறாராம். இனிமே ரயில்வேகாரனே வந்து ரயிலு வராதுன்னு சொன்னாலும் அடிச்சித் தொரத்திடுவாரு.” மணியம்மாள் பாத்திரத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். “எறங்கி நில்லேன். காலு வலிக்கல?”

புதருக்கு அப்பால் அரிவாள் விழும் ஓசையும், அதற்கு நடுவே சாம்சனின் குரலும் கேட்டன: “இன்னும் கொஞ்சம் கீழ... ஆங், அங்கதான்.” அதைத் தொடர்ந்து, “சரிங்க, சார்.”

“கம்பெனி கேட்டு இன்னும் வரலம்மா” என்றாள் விக்டோரியா, கம்பத்தை விடாமல், காலைக் கீழே வைக்காமல்.